கிளாரன்ஸில் ஒரு வார இறுதி: நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பனிலும் ஜோபர்க்கிலும் (ஜோகன்னஸ்பர்க்) இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு லாங் வீக்கெண்ட் என்றால் கடற்கரை, இல்லாவிட்டால் டிராக்கன்ஸ்பர்க் மலை. இப்போது கிளாரன்ஸ் பற்றிக் கேட்பவர்களும் கூடி வருகிறார்கள். அங்கே பீரும் சாப்பாடும் நன்றாக இருக்கும் என்ற பேச்சு பரவியிருப்பதுதான் காரணம். என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் ஒரே இடத்தில் வைக்கிறேன். நான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் குடியேறியவன். மனைவி வீட்டார் பல தலைமுறைகளாக இந்த மண்ணிலேயே இருப்பவர்கள். இரண்டு தரப்பாரின் கேள்விகளும் இதில் உண்டு.

கிளாரன்ஸ் எப்படிப்பட்ட ஊர்?

ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தின் கிழக்கு ஓரத்தில், லெசோத்தோ நாட்டு எல்லைக்குப் பக்கத்தில், மலூட்டி மலைகளின் அடிவாரத்தில் இருக்கும் சின்ன ஊர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரம். சுற்றிலும் மஞ்சளும் செம்மையும் கலந்த மணற்பாறைக் குன்றுகள். 1912ல் உருவானது. போயர்கள் என்னும் டச்சு வழி வெள்ளையரின் தலைவராக இருந்த பால் க்ரூகர், நாட்டை விட்டுப் போய் 1904ல் உயிர்விட்ட சுவிட்சர்லாந்து ஊரின் பெயரைத்தான் இதற்கு வைத்தார்கள். ஊருக்குள் நுழையும்போது கப்பலின் முன்பக்கம் போல நீட்டிக்கொண்டு நிற்கும் பாறைக்கு டைட்டானிக் என்று பெயர். அந்தக் கப்பல் மூழ்கியதும் 1912ல்தான்.

ஊரின் நடுவே புல்தரையும் மரங்களுமாக ஒரு சதுக்கம். அதைச் சுற்றித்தான் ஓவியக் கூடங்கள், சாப்பாட்டுக் கடைகள், பீர் வடிக்கும் இடம், கம்பளி விற்கும் கடை எல்லாம். ஒரு சுற்று நடந்துவிட்டால் ஊர் பிடிபட்டுவிடும். பக்கத்திலேயே குபெட்ஸ்வானா என்ற குடியிருப்பு இருக்கிறது. சதுக்கத்துக் கடைகளில் நமக்குப் பரிமாறுகிறவர்களில் பலர் அங்கிருந்து வருகிறவர்கள்தான்.

டர்பனிலிருந்து எப்படிப் போவது?

என்-3 நெடுஞ்சாலையில் ஹாரிஸ்மித் வரை போங்கள். அங்கிருந்து இரண்டு வழி. ஒன்று, ஆர்-712ல் புத்தாடிஜாபா வழியாக, கோல்டன் கேட் தேசியப் பூங்காவுக்குள்ளேயே புகுந்து கிளாரன்ஸுக்கு. மற்றொன்று, என்-5ல் பெத்லஹேம் போய் அங்கிருந்து தெற்கே திரும்புவது. முதல் வழியில் மொத்தம் சுமார் 380 கிலோமீட்டர் வரும். நடுவில் நின்று டீ குடித்துப் போனால் ஐந்து மணி நேரம் ஆகும்.

பகலில் போவதானால் கோல்டன் கேட் வழியைத்தான் சொல்வேன். கடைசி முக்கால் மணி நேரம் பாறைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் சாலை, அதற்காகவே போகலாம். இருட்டிவிட்டால் அந்த வழி வேண்டாம். குழிகள் கண்ணில் படாது, மாடுகள் சாலையைக் கடக்கும், பூங்காவுக்குள் மான்களும் குறுக்கே வரும். சாட்ஸ்வொர்த்திலிருந்து வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கிளம்புகிறவர்கள் பெத்லஹேம் வழியாகவே போவது நல்லது. அதைவிட நல்லது, வெள்ளி மத்தியானமே அரை நாள் லீவு போட்டுவிடுவது.

என்-3ல் ஹாரிஸ்மித்துக்கு முன் வரும் வான் ரீனன் கணவாயில் மூடுபனியும் லாரிகளும் எப்போதும் உண்டு. ஏற்றத்தில் அவசரப்பட்டு முந்தாதீர்கள்.

ஜோபர்க்கிலிருந்து?

சுமார் 310 கிலோமீட்டர், மூன்றரையிலிருந்து நான்கு மணி நேரம். என்-3ல் வில்லியர்ஸ் வரை வந்து, ஃபிராங்ஃபர்ட், ரைட்ஸ் வழியாக பெத்லஹேம் போய் இறங்கலாம். ஜோபர்க் பக்கத்து லெனேஷியா நண்பர்கள் இந்த வழியில்தான் போகிறார்கள். சாலை சில இடங்களில் மோசம். பெட்ரோலை பெத்லஹேமிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஒரு ராத்திரி தங்கினால் போதுமா?

டர்பன்காரர்களுக்குப் போதாது. போகவரப் பத்து மணி நேரம் வண்டி ஓட்டிவிட்டு ஒரு ராத்திரி மட்டும் தங்கினால் களைப்புதான் மிஞ்சும். வெள்ளி, சனி இரண்டு இரவு தங்கி ஞாயிறு காலை சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். சனிக்கிழமை முழுவதும் வண்டிச் சாவியைத் தொடாமல் இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. அதற்குத் தோதாக, சதுக்கத்துக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு எடுங்கள். ஊருக்கு வெளியே பண்ணை வீடுகள் அழகாக இருக்கும், வாடகையும் சில நேரம் குறையும். ஆனால் ராத்திரி சாப்பிட்டு, ஒரு கிளாஸ் குடித்து, மண் சாலையில் இருட்டில் திரும்ப வேண்டியிருக்கும். அந்த ஏற்பாட்டில் குடும்பத்தில் ஒருவருக்கு ஓய்வே கிடைக்காது.

பீர் எங்கே கிடைக்கும்? எதில் தொடங்குவது?

சதுக்கத்தை ஒட்டியே கிளாரன்ஸ் பிரூவரி இருக்கிறது. அங்கேயே வடித்து அங்கேயே ஊற்றுகிறார்கள். லேசான ப்ளாண்டிலிருந்து கறுத்த ஸ்டௌட் வரை பல வகை. பீரே பிடிக்காதவர்களுக்கு ஆப்பிள் சைடர் உண்டு. முதல்முறை போகிறவர்கள் பெரிய கிளாஸ் கேட்க வேண்டாம். டேஸ்டிங் கேளுங்கள். சின்னச் சின்னக் கிளாஸ்களில் ஒவ்வொரு வகையும் கொஞ்சம் கொஞ்சம் வரும். வெளிர்நிறத்தில் தொடங்கிக் கறுப்பில் முடியுங்கள். தலைகீழாகக் குடித்தால் ஸ்டௌட்டின் வறுத்த கசப்பு நாக்கில் உட்கார்ந்துகொண்டு, அடுத்து வரும் லேசான பீர் வெறும் தண்ணீராகத் தெரியும்.

நம்மில் பலருக்கு பீர் என்றால் கடையில் வாங்கும் லாகர்தான், அதுவும் பல் கூசும் சில்லென்று. அந்தக் குளிர்ச்சியில் ருசி தெரியாது, வாசனையும் எழும்பாது. ஏல், ஸ்டௌட் வகைகளைக் கொஞ்சம் குளிர் தணிந்த பிறகு குடித்துப் பாருங்கள். கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் பேசிக்கொண்டிருந்தாலே போதும். கோதுமையில் செய்த வைஸ் பீரை மூக்கருகே கொண்டுபோனால் வாழைப்பழ வாசனையும் லவங்க வாசனையும் வரும். பழமோ லவங்கமோ அதில் போடுவதில்லை. அந்தவகை ஈஸ்ட் புளிக்கும்போது தானே உண்டாக்கும் வாசனை அது. கசப்பைக் கொடுப்பது ஹாப்ஸ் என்னும் பூ. நம் நாட்டில் அது மேற்கு கேப்பில் ஜார்ஜ் நகரைச் சுற்றி விளைகிறது.

காரமான சாப்பாட்டுக்கு எந்த பீர் ஒத்துவரும்?

டர்பன் நாக்குக்கு இது முக்கியமான கேள்வி. ஐபிஏ என்று எழுதியிருந்தால் ஹாப்ஸ் அதிகம், கசப்பு அதிகம். மிளகாய்க் காரத்தின் மேல் அந்தக் கசப்பும் ஆல்கஹாலும் சேர்ந்தால் எரிச்சல் இன்னும் கூடும். காரக் கறிக்கு ப்ளாண்ட் அல்லது வைஸ் நல்லது. மால்ட்டின், அதாவது முளைகட்டிக் காயவைத்த தானியத்தின், லேசான இனிப்பு காரத்தைத் தணிக்கும். ஆட்டுக்கறியை மணிக்கணக்கில் வேகவைத்துக் குழம்போடு கொடுத்தால் அதற்கு ஸ்டௌட். ட்ரௌட் மீனுக்கு வைஸ். சக்கலக்காவும் பாப்பும் சாப்பிடும்போது, அதாவது காரக் காய்கறித் தொக்கும் வெந்த மக்காச்சோளமாக் களியும், எனக்குச் சிவந்த ஏல்தான் பிடிக்கும். இதற்குச் சட்டம் எதுவும் இல்லை. உங்கள் நாக்குச் சொல்வதைக் கேளுங்கள்.

இரண்டு பீர் குடித்துவிட்டு வண்டி ஓட்டலாமா?

கூடாது. தென்னாப்பிரிக்கச் சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் 0.05 கிராமை எட்டினாலே குற்றம். தொழில்முறை ஓட்டுநருக்கு 0.02 தான். கணக்கு இப்படி: 5 சதவீத பீர் 500 மில்லி குடித்தால் 25 மில்லி சுத்த ஆல்கஹால் உள்ளே போகிறது. உடம்பு ஒரு மணி நேரத்தில் கழிப்பது சுமார் 10 மில்லி. ஆக ஒரு பெரிய கிளாஸ் முழுதாகக் கழியவே இரண்டரை மணி நேரம் ஆகும். காப்பி, குளியல், எலுமிச்சைச் சாறு எதுவும் அதை வேகப்படுத்தாது. இப்படிச் சின்ன பிரூவரிகளில் வடிக்கும் கிராஃப்ட் பீர் கடைப் பீரைவிட வலுவாகவும் இருக்கலாம். சனி ராத்திரி வெகுநேரம் குடித்துவிட்டு ஞாயிறு விடியலில் ஸ்டியரிங் பிடிப்பதும் இந்தக் கணக்குக்குள்தான் வருகிறது.

நம் வீடுகளில் இந்த விஷயத்தை வாய்விட்டுப் பேசுவது குறைவு. கிளம்பும் முன்பே, யார் ஓட்டுவது, ஓட்டுகிறவர் எப்போது நிறுத்துவது என்று மனைவி பிள்ளைகள் முன்னால் பேசி முடித்துவிடுங்கள்.

நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. சமாளிக்க முடியுமா?

முடியும், ஆனால் கேட்டுக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். ஃப்ரீ ஸ்டேட் மாடு வளர்க்கும் மாகாணம். பர்கர் என்றால் மாடு. வெட்கூக் என்னும் பொரித்த ரொட்டிக்குள் வைக்கும் மின்ஸ் பெரும்பாலும் மாடு. பில்டாங் என்னும் காயவைத்த இறைச்சியும் மாடு, சில இடங்களில் குடு மான். எல்லாரும் கோட்டைவிடுவது பூர்வோர்ஸ் என்னும் நீளத் தொத்திறைச்சியில். விதிப்படி அதில் குறைந்தது 90 சதவீதம் இறைச்சி இருக்க வேண்டும். அது மாடு, பன்றி, ஆடு என எதுவாகவும், எல்லாம் கலந்ததாகவும் இருக்கலாம். ஆட்டுப் பூர்வோர்ஸ் என்று போட்டிருந்தாலும், மாடு கலந்திருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். பிராய் என்னும் தணல் அடுப்பில் எல்லாவற்றையும் ஒரே கம்பிமேல்தான் சுடுவார்கள். அது உங்களுக்கு ஒப்பவில்லை என்றால், தங்கும் வீட்டு பிராய்க்குச் சொந்தமாக ஒரு கம்பித்தட்டு கொண்டுபோங்கள்.

ஆடு தாராளமாகக் கிடைக்கும், கோழி எங்கும் கிடைக்கும். மலைத் தண்ணீரில் வளர்த்த ட்ரௌட் இந்தப் பக்கத்துச் சிறப்பு.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு என்ன இருக்கும்? புரட்டாசியில் போகலாமா?

பீட்சா, பாஸ்தா, காய்கறி சூப், சாலட், நல்ல ரொட்டி, பாலாடைக்கட்டி எல்லாம் கிடைக்கும். ஒரு வேளைக்குப் போதும், ஐந்து வேளைக்குப் போதாது. சமையலறை உள்ள வீடாக எடுத்துவிட்டால் கவலையில்லை.

புரட்டாசி விரதம் இருப்பவர்களுக்கு என் கருத்து: ஊர் பார்க்கப் போகிறீர்கள் என்றால் அந்த மாதமே அருமை. வசந்தம் தொடங்கிச் செர்ரி மரங்கள் பூக்கும் காலம் அதை ஒட்டித்தான் வருகிறது. பீருக்காகவும் இறைச்சிக்காகவும் போகிறீர்கள் என்றால் பெருமாள் மாதம் முடியட்டும். தைப்பூசக் காவடிக்கு விரதம் இருப்பவர்கள் பிப்ரவரி பீர் விழாவுக்குத் தேதி குறிக்கும் முன் நாள்காட்டியைப் பாருங்கள். சில ஆண்டுகளில் இரண்டுக்கும் இடையில் சில வாரங்கள்தான் இருக்கும். ஆடியில் கூழ் ஊற்றும் வீடுகளுக்கும் இதையேதான் சொல்வேன்: கோயில் வேலை முடியட்டும், மலை எங்கேயும் போய்விடாது.

தங்கும் வீட்டில் சமைக்க எதையெல்லாம் கொண்டுபோவது?

முதலில் பிரஷர் குக்கர். 1,850 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். டர்பனில் அரை மணியில் குழைகிற துவரம்பருப்பு அங்கே திறந்த பாத்திரத்தில் மணிக்கணக்கில் கிடக்கும், அப்போதும் உள்ளே நறுக்கென்று இருக்கும். குக்கர் இல்லையென்றால் பருப்பை ராத்திரியே ஊறவைத்துவிடுங்கள், அல்லது சீக்கிரம் வேகும் மைசூர்ப் பருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சோற்றுக்கும் கொஞ்சம் கூடுதல் தண்ணீர், கொஞ்சம் கூடுதல் நேரம் தேவை.

கறிவேப்பிலை, பச்சை மிளகாய், மசாலாத்தூள் எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். அங்கே நம் கடை கிடையாது. மற்ற சாமானெல்லாம் பெத்லஹேமில் வாங்கலாம்.

ட்ரௌட்டை நாம் வஞ்சிரத்தைச் சமைப்பது போலச் சமைத்தால் வீணாகிவிடும். சதை மெல்லியது, சட்டென்று உதிரும், ருசியும் அடக்கமானது. புளியும் கெட்டி மசாலாவும் அதை மூடிவிடும். மஞ்சள்தூள், உப்பு, கொஞ்சம் மிளகாய்த்தூள், இடித்த பூண்டு, எலுமிச்சைச் சாறு, இவ்வளவே போதும். உள்ளும் புறமும் தடவிக் கால் மணி நேரம் வையுங்கள். வயிற்றுக்குள் ஒரு கொத்து கறிவேப்பிலையைச் செருகி, எண்ணெய் பூசிய கம்பிக் கூண்டுக்குள் வைத்து, தணல் வெள்ளை பூத்த பிறகு ஒரு பக்கம் ஐந்தாறு நிமிடம் சுடுங்கள். தோல் மொறுமொறுப்பாகி, முதுகெலும்பருகே சதை வெளுத்துவிட்டால் எடுத்துவிடலாம். என் மாமியார் இதை ஆறிய சோற்றோடும் தயிரோடும்தான் சாப்பிடுவார்கள். நானும் இப்போது அப்படியேதான்.

ஃப்ரீ ஸ்டேட்டில் நம்மவர்களைத் தங்கவே விடமாட்டார்கள் என்று பெரியவர்கள் சொல்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், சட்டமாகவே இருந்தது. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் நம் மக்களை டர்பன் இருக்கும் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்தது. பிறகு ஒப்பந்தக் காலம் முடிந்தவர்களும் வணிகர்களும் உள்நாட்டுக்குள் நகரத் தொடங்கியபோது, அன்றைய ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் குடியரசு 1891ல் ஒரு சட்டம் போட்டது. ஆசியர்கள் அங்கே குடியேறக் கூடாது, நிலம் வைத்திருக்கக் கூடாது, வணிகமும் செய்யக் கூடாது. குடியரசு போனது, பிரிட்டிஷ் ஆட்சி வந்தது, தென்னாப்பிரிக்க ஒன்றியம் வந்தது, அபார்தைட் என்னும் நிறவெறி ஆட்சி வந்தது. அந்தத் தடை மட்டும் எல்லா ஆட்சியிலும் தங்கிவிட்டது. 1980களின் நடுவில்தான் அது நீங்கியது.

நேட்டாலிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகும் சாலையின் ஒரு நீண்ட பகுதி ஃப்ரீ ஸ்டேட்டுக்குள்தான் போகிறது என்பதை யோசித்துப் பாருங்கள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் அந்தச் சாலையில் போய்வந்தவர்களுக்கு நடுவழியில் படுக்க இடம் கிடையாது. மனைவியின் மாமா சொல்வார்: லேடிஸ்மித்தில் பெட்ரோல் நிரப்பி, அங்கேயே எல்லாரும் கைகால் கழுவி, உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டிய ரொட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு, அவர் அப்பா, ஜோகன்னஸ்பர்க் இருந்த டிரான்ஸ்வால் மாகாணத்தின் எல்லை வரும்வரை நிறுத்தாமல் ஓட்டுவாராம். பிள்ளைகள் ஒன்றுக்கு என்று அழுதால் ஆளில்லாத வயலோரமாகப் பார்த்து ஒரு நிமிடம் நிறுத்துவார், எஞ்சினை அணைக்கமாட்டார்.

அந்த மாமாவைக் கிளாரன்ஸுக்குக் கூட்டிப்போக நாங்கள் கொஞ்சம் வற்புறுத்த வேண்டியிருந்தது. முதல் நாள் விடுதிக்காரப் பெண் வரவேற்பறையில் பெயர் எழுதச் சொன்னபோது முழுப் பெயரையும், தகப்பன் பெயரையும், ஊரையும் நிதானமாக எழுதினார். யாரும் கேட்காமலே அடையாள அட்டையையும் எடுத்து வைத்தார். "பத்திரமாகப் பாருங்கம்மா" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னார். மறுநாள் காலை ஊரில் முதலில் எழுந்து நடக்கப் போனவர் அவர்தான்.

இப்போது எப்படி நடத்துகிறார்கள் என்று கேட்டால், என் அனுபவத்தில் மரியாதையாகவே நடத்துகிறார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் தயங்கினால் அதைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளாதீர்கள். போகும் வழியில் அந்தக் கதைகளைக் கேளுங்கள், பிள்ளைகளும் கேட்கட்டும். ஐந்து மணி நேரப் பயணம், கேட்க நேரம் இருக்கிறது.

பெண்கள் அங்கே உட்கார்ந்து பீர் குடித்தால் யாராவது ஏதாவது நினைப்பார்களா?

அங்கே யாரும் ஒன்றும் நினைப்பதில்லை. குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடும் இடங்கள் அவை. நம் கூட்டத்துக்குள் யாராவது முகம் சுளித்தால் அது நாம் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். குடிக்காதவர்களையும் யாரும் வற்புறுத்த வேண்டாம். ஜிஞ்சர் பீர், ரூய்போஸ் டீ, ஆப்பிள் ஜூஸ் எல்லாம் உண்டு. பிள்ளைகள் சாப்பாட்டு மேசையில் கூட உட்காரலாம். 18 வயது ஆகாதவர்களுக்கு மது விற்பது சட்டப்படி குற்றம்.

உள்ளூர் மக்களின் பீர் எது?

பசோத்தோ மக்கள் சோளத்தில் வடிக்கும் ஜோவாலா. கிராஃப்ட் பீர் வந்தது நேற்று; இதுதான் அந்த மலையின் பழைய பீர். முளைகட்டிய சோளத்தை அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சி முதலில் புளிக்கவிடுவார்கள், பிறகு நுரைக்கவிடுவார்கள். கலங்கலாக, லேசான இளஞ்சிவப்பு நிறத்தில், கொழகொழப்பாக இருக்கும். நுரைத்துக்கொண்டிருக்கும்போதே குடித்துவிட வேண்டும், வைத்திருக்க முடியாது. முதல் வாய் குடித்தபோது நம் கேழ்வரகுக் கூழைப் புளிக்கவைத்துக் கரைத்தது போலவே இருந்தது. ஆல்கஹால் குறைவு, வயிறு நிறையும்.

கோல்டன் கேட் பூங்காவுக்குள் இருக்கும் பசோத்தோ பண்பாட்டுக் கிராமத்தில் வீடுகளின் சுவர்ச் சித்திரங்கள், சமையல், மருந்துச் செடிகள் என்று காட்டிக்கொண்டே வருவார்கள். ஜோவாலாவை ருசி பார்க்கவும் கொடுப்பார்கள். இரண்டு கையாலும் வாங்கிக் குடியுங்கள். ஆண்களைப் பார்த்தால் "துமேலா, ந்தாத்தே", பெண்களிடம் "துமேலா, ம்மே" என்று வணக்கம் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். அந்த ஒரு சொல்லுக்கு அவர்கள் முகம் எப்படி மலர்கிறது என்று பாருங்கள்.

லெசோத்தோ பக்கம் கிராமங்களில் மூங்கில் கம்பில் துணிக்கொடி பறந்தால் அந்த வீட்டில் ஏதோ விற்பனைக்கு இருக்கிறது என்று பொருள். வெள்ளைக் கொடி ஜோவாலாவுக்கு, சிவப்பு இறைச்சிக்கு, பச்சை காய்கறிக்கு.

வயதானவர்களும் குழந்தைகளும் கூட வந்தால் என்ன செய்வது?

கோல்டன் கேட். கிளாரன்ஸிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். 1963ல் அமைந்த தேசியப் பூங்கா. சூரியன் சாயும்போது பாறை முகங்கள் பொன்னாக மாறும், பெயர் வந்ததே அதனால்தான். ஓரிபி, ப்ளெஸ்பொக் என்று இரண்டு வளையச் சாலைகள் உண்டு. காரை விட்டு இறங்காமலே வரிக்குதிரை, கறுப்பு வில்டபீஸ்ட், ஈலாண்ட் மான் எல்லாம் பார்க்கலாம். முழங்கால் வலிக்காரர்களுக்கு இதுவே போதும். கால் நன்றாக உள்ளவர்கள் பிராண்ட்வாக் பாறைக்கு ஏறலாம். கடைசியில் கொஞ்சம் செங்குத்து.

பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதை: 1976ல் இந்தப் பூங்காவில்தான் மாசோஸ்பாண்டிலஸ் என்ற டைனோசரின் முட்டைகளைக் கண்டெடுத்தார்கள், உள்ளே குஞ்சுகளின் எலும்போடு. இதைச் சொன்னபிறகு பிள்ளைகள் ஒவ்வொரு கல்லாகக் குனிந்து பார்ப்பார்கள். எதையும் எடுத்துவர விடாதீர்கள்.

ஆற்றில் ரப்பர் படகு விடும் ராஃப்டிங் பாதுகாப்பானதா?

வழிகாட்டியோடு, ஹெல்மெட்டும் மிதவை ஜாக்கெட்டும் போட்டுப் போனால் நல்ல அனுபவம். குடிப்பதற்கு முன்னால் போங்கள். ஆஷ் ஆறு சின்ன ஓடைதான், ஆனால் மழை இல்லாத குளிர்காலத்திலும் அதில் வெள்ளம் ஓடுகிறது. லெசோத்தோவின் கட்ஸே அணைத் தண்ணீர், மலையைக் குடைந்த 80 கிலோமீட்டர் நீளச் சுரங்கங்கள் வழியாக வந்து கிளாரன்ஸுக்கு அருகில்தான் வெளியே கொட்டுகிறது. அங்கிருந்து வால் அணைக்குப் போய் ஜோபர்க் வீடுகளின் குழாயில் வருகிறது. 1998லிருந்து இப்படித்தான். சுரங்கத்தைப் பராமரிப்புக்காக மூடினால் ஆற்றில் படகு விட வழியில்லை. 2024 அக்டோபரில் தொடங்கிச் சில மாதங்கள் அப்படி மூடியிருந்தார்கள். அதனால் பணம் கட்டும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பீர் விழாவுக்குப் போகலாமா, சாதாரண வார இறுதி மேலா?

வழக்கமாகப் பிப்ரவரி கடைசியில் கிராஃப்ட் பீர் விழா நடக்கும். நாட்டின் பல பக்கங்களிலிருந்தும் சின்ன பிரூவரிகள் வரும், பாட்டு, கூட்டம், கொண்டாட்டம். நண்பர்கள் கூட்டமாகப் போனால் நன்றாக இருக்கும். மாதக்கணக்கில் முன்னதாக வீடு பிடிக்க வேண்டும். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அந்த வார இறுதி வேண்டாம். என்னைக் கேட்டால் ஏப்ரல் மாதம். சாலையோரமெல்லாம் காஸ்மோஸ் பூக்கள், பாப்ளர் மரங்கள் மஞ்சளாகும், பகலில் இதமான வெயில்.

குளிர் எவ்வளவு இருக்கும்?

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ராத்திரியில் பூஜ்யத்துக்குக் கீழே போகும். கடற்கரை டர்பனில் போட்டுப் பழகிய ஜெர்சி அங்கே காணாது. கணப்பு உள்ள வீடா, விறகு அவர்களே தருவார்களா என்று கேட்டு எடுங்கள். பனி எப்போது வேண்டுமானாலும் கொட்டலாம்: 2024 செப்டம்பர் 20, 21ல் வான் ரீனன், ஹாரிஸ்மித் பக்கம் கொட்டிய பனியில் என்-3 மூடப்பட்டு, ஏராளமானவர்கள் ராத்திரி முழுவதும் காருக்குள்ளேயே கிடந்தார்கள். அதனால் வண்டியில் ஒரு கம்பளி, தண்ணீர், தின்பண்டம், போன் சார்ஜர் எப்போதும் இருக்கட்டும். கோடையில் போனால் மத்தியானத்துக்கு மேல் இடியும் மின்னலும் வரும். மலை ஏறுவதைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

அப்படியே லெசோத்தோவுக்கும் ஒரு நடை போய்வரலாமா?

இரண்டு நாளில் வேண்டாம். பாஸ்போர்ட் தேவை, இந்திய இலங்கை பாஸ்போர்ட்காரர்கள் விசா விவரம் முன்பே பார்க்க வேண்டும், வாடகைக் கார் என்றால் எல்லை தாண்ட அனுமதிக் கடிதமும் வேண்டும். நான்கு நாள் இருந்தால் பார்க்கலாம்.

திரும்பும்போது என்ன வாங்கி வரலாம்?

நவம்பர், டிசம்பரில் போனால் செர்ரி. தென்மேற்கே ஃபிக்ஸ்பர்க்கில் பல ஆண்டுகளாகச் செர்ரி விழாவே நடந்துவந்திருக்கிறது. புதுப் பழம் வாங்கினால் கழுவாமல் ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவாருங்கள். டர்பன் புழுக்கத்தில் ஒரே நாளில் இளகிவிடும். மற்ற மாதங்களில் ஜாம், சட்னி, ஊறவைத்த செர்ரி கிடைக்கும். நம் எலுமிச்சை ஊறுகாய்க்குப் பழகிய நாக்குக்கு அந்தச் சட்னி இனிப்பாகத் தோன்றும், ஆனால் வறுத்த ஆட்டுக்கறிக்கு அது நல்ல துணை. பசோத்தோ கம்பளி கனமும் விலையும் அதிகம், ஆனாலும் கொடுக்கிற காசுக்குப் பல வருடம் உழைக்கும். பிரூவரியில் பாட்டில் வாங்கினால் வெயில் படாமல் துணியில் சுற்றி, நிமிர்த்தி வையுங்கள். வெளிச்சம் பட்ட பீரில் கெட்ட வாடை வந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜில் வைத்துச் சில வாரங்களுக்குள் குடித்து முடியுங்கள். பத்திரப்படுத்தி தீபாவளி வரை வைக்க வேண்டாம்.